சாணத்திலிருந்து சர்க்கரையா, வாயுவா, எருவா? கொழும்பைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கு ஓர் ஒப்பீடு

மாட்டுச் சாணத்தில் உள்ள நாரைச் சர்க்கரையாக்கலாம், அந்தச் சர்க்கரையை நொதிக்கவைத்து எத்தனோல் எடுக்கலாம், அதை வண்டிக்கு ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் பண்ணைக்காரர் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வார். 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் இது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை அந்த ஆண்டு 4,860 ரூபாய்க்கு ஏறியதை யாரும் மறக்கவில்லை. அப்போது கொட்டிலுக்குப் பின்னால் குவிந்து கிடந்த சாணத்தைப் பார்த்துப் பலருக்கும் ஒரே யோசனைதான் வந்தது.

ஹங்வெல்ல, ஹோமாகம, ஜா-எல பக்கம் மாடு வளர்ப்பவர்களும், கொழும்பில் இருந்துகொண்டே இந்தத் துறையில் பணம் போட நினைப்பவர்களும் என்னிடம் கேட்பது இதைத்தான்: சாணத்தை அடைத்து வைத்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுக் கலன் கட்டுவதா, எத்தனோல் பக்கம் போவதா, இரண்டும் வேண்டாமென்று கூட்டெருவாக்கி மூட்டை கட்டுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து மாட்டிலிருந்து நூறு மாடுவரை உள்ள பண்ணைக்கு உயிர்வாயுதான் சரி. சர்க்கரை வழி பொய்யல்ல; அதன் இரசாயனம் ஆய்வுகூடங்களில் பலமுறை நிரூபிக்கப்பட்டது. ஆனால் அது வேறு அளவுக்கு, வேறு சூழலுக்கு உரியது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தண்ணீர். புதுச் சாணத்தில் நூற்றுக்கு 80 முதல் 85 பங்கு தண்ணீர்தான். கொட்டிலைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவினால் அது இன்னும் கூடும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் கையாளப்போவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். அந்தத் தண்ணீரை அப்படியே ஏற்றுக்கொள்ளும் முறை மலிவாக இருக்கும். சூடாக்கவோ, பிரிக்கவோ, காயவைக்கவோ வேண்டிய முறை செலவு வைக்கும். விளம்பரத் துண்டுகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

இரண்டாவது, போட்ட எரிசக்தியைக் கழித்த பிறகு கையில் நிற்கும் எரிசக்தி. மூன்றாவது, வெளியிலிருந்து வாங்க வேண்டிய பொருள்கள். அதிலும் டொலரில் வாங்க வேண்டியவை. நான்காவது, அனுமதியும் சந்தையும். ஐந்தாவது, கடைசியில் மிஞ்சும் கழிவு எங்கே போகிறது என்பது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஹங்வெல்லவும் கடுவெலவும் அதற்கு மேற்புறத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு பண்ணையின் சாணக் கரைசல் ஓடைக்குள் இறங்கினால் அது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திறப்பவர்களின் பிரச்சினை. இந்த ஐந்தாவது அளவுகோலை நான் மற்ற நான்குக்கும் கீழே வைக்க மாட்டேன்.

கணக்கு எளிதாக இருக்க, எல்லா வழிக்கும் ஒரு தொன் புதுச் சாணத்தை எடுத்துக்கொள்கிறேன். கொட்டிலில் கட்டித் தீனி போடும் கலப்பின மாடு ஒன்று நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். ஆகவே ஒரு தொன் என்பது ஐம்பது அறுபது மாடுகளின் ஒரு நாள் சாணம். மேய்ச்சலுக்கு விடும் மாடுகளானால் பாதி வெளியிலேயே போய்விடும்.

## வழி ஒன்று: நாரிலிருந்து சர்க்கரை, சர்க்கரையிலிருந்து எத்தனோல்

ஒரு பிடி சாணத்தை மெல்லிய சல்லடையில் இட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். கீழே தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடும். மேலே தங்குவது பச்சையும் பழுப்புமான சிறு தும்புகள். மாடு மென்று, அசைபோட்டு, நான்கு அறை இரைப்பையில் ஊறவைத்தும் கரைக்க முடியாமல் விட்ட புல்லின் எலும்புக்கூடு. சர்க்கரை வழியின் மூலப்பொருள் இதுதான். பால்மாட்டுச் சாணத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ கால்பங்கு செலுலோஸ். அதைவிடக் குறைவாக ஹெமிசெலுலோசும் லிக்னினும். செலுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. சங்கிலியை அறுத்தால் சர்க்கரை.

அறுப்பதுதான் சிரமம். லிக்னின் அந்தச் சங்கிலிகளைப் பூசி மறைத்திருக்கிறது. முதலில் நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் சுமார் 120 பாகை சூட்டில் அழுத்தத்தின் கீழ் வேகவைத்து இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். பிறகு சுண்ணாம்பால் அமிலத்தை முறித்து, 50 பாகை அளவுக்கு ஆறவைத்து, செலுலோசை அறுக்கும் செலுலேஸ் நொதியம் சேர்த்து ஓரிரு நாள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நொதியத்தைத் தருவது ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற பங்கசு. இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்றதால் கண்டுபிடிக்கப்பட்டது அது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் சாண நாரை இவ்வாறு சர்க்கரையாக்கிய முறையை விரிவாக வெளியிட்டார்கள். அதே பங்கசைச் சாணத்திலேயே வளர்த்து நொதியம் எடுக்கவும் முயன்றார்கள்.

இனி ஒரு தொன்னின் கணக்கு. உலர்ந்த பொருள் சுமார் 160 கிலோ, அதில் செலுலோஸ் 40 கிலோ. முழுவதும் உடைந்தால் 44 கிலோ குளுக்கோஸ் வர வேண்டும். நடைமுறையில் அறுபது சதவீதம் கிடைத்தால் நல்ல வேலை. அதாவது சுமார் 26 கிலோ. மதுவம் அதை நொதிக்கவைத்தால் ஏறத்தாழ 15 லீற்றர் எத்தனோல். ஹெமிசெலுலோசிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண மதுவம் தொடாது. அதற்கெனத் தனி வகை வேண்டும். 15 லீற்றர் எத்தனோலின் எரிசக்தி சுமார் 320 மெகாயூல், பெற்றோலில் சொன்னால் பத்து லீற்றருக்குச் சமம்.

இப்போது தண்ணீரைப் பாருங்கள். கழுவிய நாரை நூற்றுக்குப் பத்துப் பங்கு கரைசலாக்கினால் சுமார் 800 லீற்றர் வரும். அதை 30 பாகையிலிருந்து 121 பாகைக்குச் சூடாக்கவே 305 மெகாயூல் வேண்டும். கிடைக்கப்போகும் எத்தனோலின் மொத்த எரிசக்தியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! வெளியேறும் சூட்டை மீட்டு உள்ளே வரும் கரைசலுக்குக் கொடுத்தால் இதைப் பாதியாக்கலாம். கரைசலைக் கெட்டியாக்கினால் இன்னும் குறைக்கலாம், ஆனால் கெட்டிக் கரைசலைக் கலக்கும் இயந்திரம் வேறு விலை. அதற்குப் பிறகும் காய்ச்சி வடிக்கும் செலவு நிற்கிறது. நொதித்த கரைசலில் எத்தனோல் நூற்றுக்கு நான்காவது இருந்தால்தான் வடிப்பது கட்டும் என்பது தொழில் வழக்கு. இந்தக் கரைசலில் இரண்டுகூட இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இத்தோடு முடியவில்லை. சாணம் வைக்கோலைப் போலச் சுத்தமான நார் அல்ல. அதில் நைதரசனும் சாம்பலும் நிறைய. சாம்பலிலுள்ள காரம் நீங்கள் ஊற்றும் அமிலத்தின் ஒரு பங்கை விழுங்கிவிடும். நைதரசன் சேர்மங்கள் சூட்டில் சர்க்கரையோடு சேர்ந்து பழுப்பாகி விளைச்சலைக் குறைக்கும். அதனால்தான் முதலில் கழுவ வேண்டியிருக்கிறது. கழுவிய தேநீர் நிறத் தண்ணீர் இன்னொரு கழிவாகி உங்கள் வாசலிலேயே நிற்கும். இரண்டு சதவீத அமிலம் என்றால் 800 லீற்றருக்கு 16 கிலோ. அதை முறிக்க 12 கிலோ நீறிய சுண்ணாம்பு. விளைவாகச் சுமார் 28 கிலோ ஜிப்சம். 26 கிலோ சர்க்கரைக்கு 28 கிலோ ஜிப்சம்! நொதியமோ 40 கிலோ செலுலோசுக்கு அரைக் கிலோவுக்கு மேல் தூய புரதமாகவே தேவைப்படும். அது இறக்குமதிச் சரக்கு. அமிலத்தைத் தாங்கும் எஃகுக் கலனும் அழுத்தத்தைத் தாங்கும் மூடியும் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும் தண்ணீர்த் தாங்கி விலைக்கு வராது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. எத்தனோல் வடிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காரியம். எரிபொருளுக்குத்தான் வடிக்கிறேன் என்றாலும் உரிமம் இல்லாமல் முடியாது. சந்தையிலும் உங்களுக்குப் போட்டி இருக்கிறது. 2020 ஜனவரியில் எத்தனோல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகள் வெல்லப்பாகிலிருந்து எடுக்கும் எத்தனோலுக்கு மதிப்புக் கூடியது. வெல்லப்பாகில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது. அமிலமும் வேண்டாம், செலுலேசும் வேண்டாம். சாணத்தை அதனோடு மோதவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எத்தனோல் கலந்த பெற்றோல் இந்தியாவில் இருபது சதவீதம்வரை போய்விட்டது. இங்கே அப்படியொரு கொள்வனவு ஏற்பாடு இன்றி, வடித்த எத்தனோலை யாரிடம் எரிபொருளாக விற்பது?

பெரிய நிறுவனங்களின் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நெவாடா என்ற ஊரில், டூபொண்ட் நிறுவனம் சோளத் தட்டையிலிருந்து எத்தனோல் எடுக்கப் பிரமாண்டமான ஆலையை 2015இல் திறந்தது. இரண்டே ஆண்டில் மூடியது. 2018இல் அதை வாங்கிய ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் அதே சோளத் தட்டையிலிருந்து மெதேன் வாயு எடுக்கும் ஆலையாக மாற்றியது. சாணத்தைவிடச் சுத்தமான நார், பெரும் முதலீடு, சிறந்த நொதியம் எல்லாம் இருந்தும் கதை வாயுவில்தான் போய் நின்றது. மறுபக்கம், இந்தியாவின் பானிபட்டில் இந்தியன் ஒயில் நிறுவனம் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர் எத்தனோல் எடுக்கும் திறனுள்ள ஆலையை 2022 ஓகஸ்டில் திறந்தது. அதன் பின்னால் ஓர் அரசின் கொள்கையும் கடல்போன்ற வைக்கோலும் இருக்கின்றன.

ஆக, சர்க்கரை வழி யாருக்குப் பொருந்தும்? ஆயிரக்கணக்கான மாடுகள் ஒரே இடத்தில் இருந்து, வீணாகும் வெப்பம் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் தொழிற்பண்ணைக்கு. சர்க்கரையை எரிபொருளாக்காமல் விலை கூடிய பொருளாக்கப் போகிறவர்களுக்கு. நொதியம், தீவன மதுவம், கரிம அமிலம் போன்றவை. ஆய்வு மாணவர்களுக்கும் நல்ல களம். மொறட்டுவைப் பல்கலைக்கழக இரசாயனப் பொறியியல் மாணவர் ஒருவர் இதை எடுத்துக்கொண்டு வந்தால் நான் சாணம் தேடித் தரத் தயார்.

## வழி இரண்டு: உயிர்வாயு

இங்கே தண்ணீர் எதிரி அல்ல, தேவை. சாணத்தோடு சமஅளவு தண்ணீர் கலந்து காற்றுப் புகாத கலனுக்குள் விட்டால் பக்டீரியா வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அமிலம் வேண்டாம், கொதிகலன் வேண்டாம். கொழும்பின் வெக்கை அதற்கு ஏற்ற சூடு. குளிர்நாட்டுக்காரன் காசு கொடுத்து ஏற்றும் சூட்டை நமக்கு வானம் தருகிறது.

ஒரு தொன் சாணத்திலிருந்து சுமார் 35 கனமீற்றர் வாயு, அதில் ஐந்தில் மூன்று பங்கு மெதேன். எரிசக்தி 730 மெகாயூல் அளவில் வரும். எத்தனோலில் வந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் உள்ளே சூடு எதையும் போடாமல். சமையல் எரிவாயுவில் சொன்னால் ஏறத்தாழ 16 கிலோ. ஒரு சிலிண்டருக்கும் கூட. செலுலோசும் ஹெமிசெலுலோசும் மட்டுமின்றிச் சாணத்திலுள்ள கொழுப்பும் புரதமும்கூட வாயுவாகின்றன. சர்க்கரை வழி குப்பையென்று கழுவி விடுவதை இது உணவாக எடுத்துக்கொள்கிறது.

மறைந்த செலவுகள் இதிலும் உண்டு. நாளொன்றுக்கு இரண்டு கனமீற்றர் கரைசலை 40, 50 நாள் தேக்க வேண்டுமானால் 80 முதல் 100 கனமீற்றர் கலன் வேண்டும். சிறிய விஷயமல்ல. செங்கல் கூரை கட்டும் கைத்தேர்ச்சி உள்ள மேசன் கிடைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் வாயு கசியும். மெதேன் நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட இருபத்தேழு மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. கசியும் கலன், கலன் இல்லாததைவிட மோசம். களனிப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் காணிகளில், வெறுமையாக இருக்கும் கலனை நீர் மேலே தூக்கிவிடக்கூடும். 2016 மே வெள்ளத்தில் கடுவெலவும் ஹங்வெல்லவும் எப்படி மூழ்கின என்பதை நினைவில் வைத்து இடம் பாருங்கள்.

அடுத்தது, வாயுவை என்ன செய்வது? ஒரு குடும்பம் சமைக்க நாளொன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கனமீற்றர் போதும். மீதியைச் சிலிண்டரில் அடைப்பது பெரிய இயந்திர வேலை. தயிர், யோகட் செய்பவர்களுக்குப் பால் காய்ச்ச உடனே பயன்படும். இல்லையென்றால் ஜெனரேட்டர், சிறிய இயந்திரத்தில் ஒரு கனமீற்றருக்கு ஒன்றரை அலகு மின்சாரம் என்று வைத்துக்கொள்ளலாம். பால் குளிரூட்டிக்கும் புல் வெட்டும் இயந்திரத்துக்கும் அது போதும். ஆனால் வாயுவில் உள்ள ஐதரசன் சல்பைட் இயந்திரத்தை அரிக்கும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய இயந்திரத்தை நேராக இணைத்தால் சில மாதத்திலேயே தெரிந்துவிடும். துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய குழாய் வழியாக வாயுவை அனுப்பினால் பெரும்பகுதி பிடிபடும். சீவலை அவ்வப்போது மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து (அன்டிபயோட்டிக்) ஏற்றிய நாள்களில் அந்தச் சாணத்தைக் கலனுக்குள் தள்ளாதீர்கள். கொட்டில் கழுவும் கிருமிநாசினித் தண்ணீரும் அப்படியே. கலனுக்குள் இருப்பதும் உயிர்தான்.

வெளியேறும் கரைசல் நல்ல பசளை. சாணத்திலிருந்த நைதரசன் ஏறத்தாழ முழுவதும் அதில் இருக்கிறது, பயிர் விரைவில் உறிஞ்சும் வடிவில். தீவனப் புல்லுக்கு விடும் காணி உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லாவிட்டால் நாளொன்றுக்கு இரண்டு தொன் திரவம் மழைக்காலத்தில் ஓடையைத் தேடிப் போகும்.

## வழி மூன்று: கூட்டெரு

இதை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். வைக்கோல், சருகு, தும்புத்தூள் போன்ற உலர்ந்த பொருளைச் சாணத்தோடு கலந்து குவித்து, குவியலின் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடேறவிட்டு, புரட்டிப் போட்டு, இரண்டு மூன்று மாதத்தில் எரு. எரிசக்தி கிடையாது. முதலீடு ஒரு கூரையும் ஒரு சீமெந்துத் தளமும். கொழும்பு மழையில் அந்தக் கூரை இல்லாமல் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். புரட்டும் கூலிதான் உண்மையான செலவு. புரட்டும்போது எழும் அமோனியா நெடிதான் அயலவரோடு வரும் தகராறு.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது சேதனப் பசளைக்கு ஏறிய விலையை வைத்து யாரும் இன்று கணக்குப் போடக் கூடாது. தடை அந்த ஆண்டு நவம்பரிலேயே விலகிவிட்டது. வீட்டுத்தோட்டக்காரர்களும் பூங்கன்றுக் கடைகளும் நிலையான வாடிக்கையாளர்கள். அவர்களை மட்டும் நம்பி அளவைத் தீர்மானியுங்கள். பத்து மாட்டுக்குக் குறைவாக வைத்திருந்து, விற்க வாய்ப்பும் இருப்பவருக்கு இதுவே சிறந்த வழி.

## ஒரு தொன் சாணத்துக்கு, அருகருகே

| | சர்க்கரை, எத்தனோல் | உயிர்வாயு | கூட்டெரு |
|---|---|---|---|
| கிடைப்பது | சுமார் 15 லீற்றர் | சுமார் 35 கனமீற்றர் | சுமார் 400–500 கிலோ |
| எரிசக்தி | 320 மெகாயூல், சூடாக்கும் செலவைக் கழிக்காமல் | 730 மெகாயூல் | இல்லை |
| வாங்க வேண்டியவை | அமிலம், சுண்ணாம்பு, நொதியம், வெப்பம் | தண்ணீர் | உலர்ந்த பொருள், கூலி |
| காலம் | சில நாள்கள் | 40–50 நாள் | 2–3 மாதம் |
| மிஞ்சுவது | கழுவிய நீர், ஜிப்சம், லிக்னின் | பசளைக் கரைசல் | எதுவும் இல்லை |
| அனுமதி | மதுவரி, சுற்றாடல் | சுற்றாடல் | பண்ணையின் அளவைப் பொறுத்துச் சுற்றாடல் |

## இரண்டையும் சேர்த்தால்

சர்க்கரையில் உண்மையாகவே ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் காட்டக்கூடிய பாதை இது. முதலில் சாணத்தை வாயுக் கலனுக்குள் விடுங்கள். பக்டீரியா எளிதில் கரைவதைத் தின்றுவிடும். ஹெமிசெலுலோசிலும் பெரும்பகுதியைத் தின்னும். வெளியே வரும் திண்ம நாரில் செலுலோசின் பங்கு கூடியிருக்கும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த நாரை எடுத்து ஆராய்ந்தபோது, எரிபொருளுக்கென்றே வளர்க்கும் புல்லோடு ஒப்பிடத்தக்க எத்தனோல் மூலப்பொருளாக அது இருப்பதைக் கண்டார்கள். வேகவைக்கத் தேவையான சூட்டை அதே கலனின் வாயு தருகிறது. சர்க்கரைக் கணக்கில் நட்டத்தை உண்டாக்கிய கொதிகலன் செலவு இப்போது உள்ளேயே அடங்குகிறது.

இதன் இன்னொரு நன்மை, முடிவைத் தள்ளிப்போட முடிவது. கலனை இன்று கட்டினால் வாயு இன்றைக்கே பயன். நாரைப் பிரிக்கும் திருகு அழுத்தியைப் பிறகு சேர்க்கலாம். நொதியத்தின் விலையும் சட்டமும் எத்தனோலுக்குச் சாதகமாகும்வரை அந்த நாரைக் கூட்டெருவுக்கோ மாட்டுப் படுக்கைக்கோ பயன்படுத்தலாம். எத்தனோல் ஆலையை முதலில் கட்டியவருக்கு இந்த வசதி இல்லை.

## பன்றி, கோழி வளர்ப்பவர்களுக்கு

மேலே சொன்ன சர்க்கரைக் கணக்கு பால்மாட்டுக்கு உரியது. பன்றிக் கழிவில் நார் குறைவு, தண்ணீர் அதிகம். அதை வாயுவுக்கு மட்டும் யோசியுங்கள். கோழி எருவில் நைதரசன் மிகையாக இருப்பதால் தனியே கலனுக்குள் விட்டால் அமோனியா ஏறி பக்டீரியாவை முடக்கும். மாட்டுச் சாணத்தோடு சிறுபங்காகக் கலக்கலாம். கோழிக் கூட்டில் போட்ட உமியை நாராக எண்ணிச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிலிக்காவும் லிக்னினும் கூடிய உமி எளிதில் இறங்கி வராது. மலையக மரக்கறித் தோட்டங்களுக்கு லொறியில் ஏற்றி விற்கும் பழைய வழி கோழி எருவுக்கு இன்றும் மோசமானதல்ல.

## பணம் கொடுப்பதற்கு முன்

இரண்டு வாரம் சாணத்தை நிறுத்துப் பாருங்கள். கொட்டில் கழுவும் தண்ணீரையும் வாளிக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரியை வெயிலில் காயவைத்து எடை பார்த்தாலே உலர்ந்த பொருள் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆய்வு, அபிவிருத்தி நிலையம் உயிர்வாயுக் கலன் வடிவமைப்பில் நீண்ட அனுபவம் உள்ளது. ஜா-எலக்காரர்களுக்குப் பக்கத்து வாசல். பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் உங்கள் பண்ணை அளவுக்கு எந்த அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சாணத்திலிருந்து எத்தனோல் என்று யாராவது இயந்திரம் விற்க வந்தால் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒரு லீற்றர் எத்தனோலுக்கு எவ்வளவு விறகு அல்லது டீசல் எரிகிறது, நொதியத்தின் ஓராண்டுச் செலவு எவ்வளவு, நாரைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது. மூன்றாவதற்கு அவர் ஓடையைக் காட்டினால் முற்பணத்தைக் கொடுக்க வேண்டாம்.